பார்வை நன்றாக இருக்கும்போது லேசர் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. பார்வையில் குறை இல்லை. ஆனாலும் விழித்திரையில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, உடனே லேசர் வைக்கவேண்டும் என்கிறார்கள். லேசர் விழித்திரையைப் பொசுக்கிவிடும் என்று இணையத்தில் படித்தோம். எங்கள் தெருக்காரருக்கு லேசர் வைத்தபின் பார்வையே போய்விட்டது. இவருக்குக் கண் துடிக்கிறது, வெயிலில் கூசுகிறது. மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்தை இரண்டு மாதமாகப் போடுகிறார்.

பதில்: லேசர் வையுங்கள் அம்மா. பார்வை நன்றாக இருக்கும்போது வைப்பதுதான் பலன் தரும். போன பார்வையை லேசர் திருப்பித் தராது, இருப்பதைத்தான் காப்பாற்றும். லேசருக்குப் பின் பார்வை இழந்தவர்கள் என்று நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர், உள்ளே ரத்தம் கசிந்த பிறகே வந்தவர்கள்.

பொசுக்கும் என்பது உண்மைதான். ரத்தம் போதாத விழித்திரைதான் புதுக் குழாய்களை வரவழைக்கிறது. அவை மிக மெல்லியவை, எளிதில் உடையும். அதனால் நடுப்பகுதியைத் தொடாமல், ஓரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளில் சுடுகிறோம். ஓரத்தின் ரத்தத் தேவை குறைந்ததும் புதுக் குழாய்கள் வாடுகின்றன. 1970களில் அமெரிக்காவில் 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் வைத்து, மறு கண்ணை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். லேசர் வைத்த கண்களில் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைந்தது. இதற்கு விலையும் உண்டு: இருட்டில் பார்வை சற்று மங்கலாம், பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் சுருங்கலாம். இரவில் வண்டி ஓட்டுபவர் என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

கண் துடிப்பதை மறந்துவிடுங்கள். அந்தச் சொட்டு மருந்தை என்னால் மறக்க முடியவில்லை. எந்தச் சொட்டு மருந்தும் இந்தக் குழாய்களை வாடச் செய்யாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பே பாழாகும். இன்றே நிறுத்தி, பாட்டிலை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் பயப்படவேண்டியது வேறொன்றுக்கு. திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கொட்டுவது, புகையோ ஒட்டடையோ மிதப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது. வலியே இருக்காது, அதனால்தான் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறார்கள். உள்ளே ரத்தம் கசிகிறது, அல்லது விழித்திரை பிய்கிறது என்று அர்த்தம். லேசருக்கு முன்போ பின்போ, எப்போது வந்தாலும் அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். தினமும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் திறந்திருந்தால் ஒன்றில் வரும் குறை தெரியாது.

லேசர் இரண்டு மூன்று சிட்டிங் ஆகலாம், பாதியில் நிறுத்தாதீர்கள். கண் பாப்பா விரிய மருந்து விடுவதால் அன்று பார்வை மங்கும். அவரை வண்டி ஓட்டவிடாமல் நீங்கள் கூடப் போங்கள்.