தேசி மரத்துப் புழுவைப் பிள்ளைகளோடு வண்ணத்துப்பூச்சியாகும் வரை வளர்ப்பது எப்படி?

கிளிநொச்சியில் தேசிக் கன்றில் பிடித்த புழு, மூடிய போத்தலில் இரண்டே நாளில் செத்துவிட்டது என்கிறீர்கள். அநேகமாக ஈரம்தான் காரணம்: இலை வேர்த்து, எச்சத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கும். வாளியொன்றின் வாயில் நுளம்பு வலையைக் கட்டி, நிழலில் வையுங்கள். வன்னி வெயிலில் வாளி அடுப்பாகிவிடும். தேசிக் கொப்பைத் தண்ணீர்ப் போத்தலில் செருகிப் பஞ்சால் இடைவெளியை அடையுங்கள், இல்லாவிட்டால் புழு இறங்கி மூழ்கும். தினமும் இலை மாற்றுங்கள். மருந்தடித்த இலை வேண்டவே வேண்டாம்.

குருவி எச்சம் போலிருக்கும் குட்டிப் புழு பின்னர் பச்சையாகும். சீண்டினால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் கொம்பை நீட்டும், நாறும், கடிக்காது (பிள்ளைகளுக்கு இதுதான் கொண்டாட்டம்!). கூட்டுப்புழுவாகி ஒட்டிக்கொள்ளச் சாய்வாக ஒரு தடி வையுங்கள். பூச்சி வெளிவந்ததும் தொடாதீர்கள். தொங்கி விரிக்க இடமில்லாவிட்டால் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும்.