தூரிகையும் திரையும்: வாசகர் கேள்வி – பதில்

அம்மம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அவருடைய பழைய போட்டோவை எண்ணெய் வர்ண ஓவியம் போலச் செய்து, சட்டம் போட்டுக் கொடுக்க ஆசை. போட்டோஷொப்பில் ஒயில் பெயின்ட் ஃபில்டரைப் போட்டால் முகமெல்லாம் புழு நெளிந்தது போல வருகிறது. எந்த அளவை மாற்றியும் சரிவரவில்லை.
– வாசகி, வெள்ளவத்தை

பிழை உங்கள் அளவுகளில் இல்லை. அந்த ஃபில்டர் படத்தில் ஒளி மாறும் திசையைப் பார்த்து, அதன் வழியே நிறத்தை இழுத்துவிடுகிறது. சேலைக் கரை, முடி போன்ற இடங்களில் திசை தெளிவாக இருப்பதால் அங்கே நன்றாக வரும். கன்னம், நெற்றி, பின்சுவர் போன்ற வெறும் இடங்களில் அதற்குக் கிடைப்பது ஸ்கேன் பண்ணிய தாளின் சொரசொரப்பு மட்டுமே. அந்தக் காலத்துப் போட்டோத் தாள்கள் பலவற்றில் தேன்கூடு போன்ற மேற்பரப்பு உண்டு. அதைத்தான் ஃபில்டர் புழுவாக்குகிறது. கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் உள்ள ஒயிலிஃபை ஃபில்டர் வேறு விதமாக வேலை செய்யும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி அதிகமாக இருக்கும் நிறத்தை எடுத்து அங்கே வைக்கும். ஆனால் அதுவும் கண்ணையும் சுவரையும் ஒரே அளவுத் தூரிகையால்தான் பூசும். எந்த ஓவியரும் அப்படிப் பூசுவதில்லை.

ஃபில்டரை விட்டுவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் கையால் பூசுங்கள். இரண்டு மாலை நேரம் போதும். 4×6 அங்குலப் போட்டோவை 600 டீபீஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400×3600 பிக்சல் வரும். ஏ4 அளவில் 300 டீபீஐயில் அச்சிட 2480×3508 வேண்டும் என்பதால் அது ஏறக்குறையச் சரி. கிம்ப்பில் மீடியன் ப்ளர் 3 அல்லது 4 பிக்சல் கொடுத்துத் தாளின் சொரசொரப்பை முதலில் போக்குங்கள்.

அடுத்து, கிரிட்டாவில் போட்டோவுக்கு மேலே புது லேயர் (படலம்) போட்டு, அதை முழுவதும் மண்ணிறத்தால் நிரப்புங்கள். பலர் தவறவிடும் படி இதுதான். கலர் ஸ்மட்ஜ் வகைத் தூரிகை கீழே இருக்கும் நிறத்தையும் இழுத்துக் கலக்கும். வெறும் லேயரில் பூசினால் இழுப்பதற்கு நிறம் கிடையாது. வெறுமையையே இழுத்து, ஓரமெல்லாம் கரைந்துபோகும். ஸ்மட்ஜ் லெங்த் 60 சதவீதம், கலர் ரேட் 50 சதவீதம் என்று தொடங்குங்கள். கலர் ரேட்டைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனால் புது நிறம் ஏறாது, இருப்பது மட்டும் இழுபடும்.

முதற் சுற்றுக்குத் தூரிகை 300 பிக்சல். சுவர், சேலை, முகம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிறங்கள் போதும். கண்ணைச் சுருக்கிப் போட்டோவைப் பார்த்தால் தெரிவது எதுவோ அதை மட்டும் பூசுங்கள். இரண்டாம் சுற்று 120 பிக்சலில், முகத்திலும் கையிலும் மட்டும். மூன்றாம் சுற்று 40 பிக்சலில் கண், மூக்குத்தி, உதட்டோரம். சுவருக்கு இரண்டாம் சுற்று வேண்டாம். எல்லா இடத்தையும் சின்னத் தூரிகையால் முடிக்கத் தோன்றும். அந்த ஆசைக்கு இடங்கொடுத்தால் மறுபடியும் மங்கலான போட்டோதான் கையில் மிஞ்சும். இடையிடையே எம் விசையை அழுத்திப் படத்தை இடம்வலமாகத் திருப்பிப் பாருங்கள். முகம் கோணலாக இருந்தால் உடனே தெரியும்.

வர்ணம் தடித்து நிற்கும் தோற்றம் வேண்டுமானால், முடிந்த படத்தைக் கிம்ப்பில் திறந்து பம்ப் மேப் (மேடுபள்ளத் தோற்றம் தரும் ஃபில்டர்) போடுங்கள். ஆழம் 2 போதும். போட்டோவில் வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து விழுந்திருந்தால் அதே திசையையே கொடுங்கள். திசை மாறினால் பூச்சுகள் மேலெழும்பாமல் பள்ளமாகத் தெரியும்.

தொடங்குமுன் ஒரு நாள் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸுக்குப் போய்வாருங்கள். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இன்று சபுமல் பவுண்டேஷனாக இருக்கிறது. 1943இல் கொழும்பில் தொடங்கிய '43 குழு' என்ற ஓவியர் குழுவினரின் மூல ஓவியங்களை அங்கே கிட்ட நின்று பார்க்கலாம். ஒரே உருவப்படத்தில் தூரிகை எங்கே பெருக்கிறது, எங்கே சிறுக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். திரையில் பார்த்து இது பிடிபடாது.

புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலின் போட்டோவை வெக்டராக்கி (புள்ளிகளை இணைக்கும் கோட்டு வடிவங்களாக்கி) ஸ்டிக்கர் வெட்டக் கொடுத்தேன். "புள்ளிகள் கூடிப்போச்சு, மெஷின் வெட்டாது" என்று திருப்பிவிட்டார்கள். இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் மென்பொருளில் ட்ரேஸ் பிட்மேப் (படத்தைத் தானாக வெக்டராக்கும் கட்டளை) செய்தேன்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

வெட்டுபவர் சொன்னது நியாயம். கத்தி ஒவ்வொரு புள்ளியிலும் திசை மாறவேண்டும். நுணுக்கமான துண்டுகள் தாளை விட்டு உரிந்துவரும். நோட் கருவியால் எல்லாவற்றையும் தெரிவுசெய்து கீழே உள்ள நிலைப்பட்டையைப் பாருங்கள், எத்தனை புள்ளி என்று காட்டும்.

போட்டோவிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். கொழும்பின் மப்பு வானம் பள்ளிவாசலின் வெள்ளைப் பட்டைகளோடு ஒரே வெளிச்சத்தில் இருக்கும். ட்ரேஸ் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறது, ஆகவே கோபுரத்தின் விளிம்பே வானத்தோடு கரைந்துவிடும். கிம்ப்பில் வானத்தைத் தெரிவுசெய்து ஒரே நீலத்தால் நிரப்புங்கள். மின்கம்பிகளையும் கடைப் பலகைகளையும் அழியுங்கள். மீடியன் ப்ளர் 5, பிறகு நிறப் படிகளைக் குறைக்கும் போஸ்டரைஸ் 4. அதற்குப் பிறகு ட்ரேஸ் செய்தால் புள்ளிகள் பெருமளவு குறையும். ஸ்பெக்கிள்ஸ் அளவைக் கூட்டினால் பொட்டுப் பொட்டான துண்டுகள் விழுந்துபோகும்.

அச்சுக்குக் கொடுப்பதானால் பல நிறத் தெரிவில், நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஸ்டேக் பெட்டியைக் குறியிடுங்கள். இல்லாவிட்டால் இரு நிறங்கள் சேரும் இடத்தில் மயிரிழை போல வெள்ளைக்கோடு தெரியும். ஒரு நிற ஸ்டிக்கருக்கு அது வேண்டாம், ஒற்றை ஸ்கேன் போதும். புள்ளிகளைக் குறைக்கும் சிம்ப்ளிஃபை கட்டளையில் கவனம் தேவை. கன்ட்ரோல்-எல்லை அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் அதன் கடுமை கூடும். ஒருமுறை அழுத்தி, நிறுத்தி, மூலைகள் மழுங்கிவிட்டனவா என்று பார்த்த பிறகே அடுத்தது.

உண்மையைச் சொன்னால், இந்தக் கட்டடத்துக்கு ட்ரேஸ் பொருத்தமே இல்லை. பட்டை பட்டையாக மீளும் வடிவம் அது. ஒரு சிவப்புச் செவ்வகம் வரைந்து, கன்ட்ரோல்-டீ (D) அழுத்திப் படியெடுத்து, அலைன் பலகையில் சம இடைவெளி கொடுங்கள். எல்லாவற்றையும் கம்பைன் செய்து, பர்ஸ்பெக்டிவ்/என்வலப் பாத் எஃபெக்டால் நான்கு மூலைகளையும் போட்டோவோடு பொருத்துங்கள். செவ்வகத்துக்கு நான்கே புள்ளி. கத்தி வழுக்கிக்கொண்டு போகும்.

வெக்டர் பானரை அச்சகத்தில் திறந்தபோது தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கிலமாகிவிட்டது. ஏன்?
– வாசகர், மருதானை

பாமினியில் தட்டியிருப்பீர்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அச்சகத்துக்குக் கொடுக்கும் பிரதியில் எழுத்துகளைப் பாத் (கோட்டு வடிவம்) ஆக மாற்றுங்கள்: இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட்-கன்ட்ரோல்-சீ, இலஸ்ட்ரேட்டரில் ஷிஃப்ட்-கன்ட்ரோல்-ஓ. மாற்றிய பின் எழுத்துப்பிழை திருத்த முடியாது, ஆகவே மூலக் கோப்பை வேறாக வைத்திருங்கள். யூனிகோட் தமிழை இலஸ்ட்ரேட்டரில் இட்டு 'கொ' பிரிந்து நின்றால், டைப் விருப்பங்களில் இண்டிக் தெரிவை இயக்கி, வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தெரிவுசெய்யுங்கள்.

ஆடிவேல் படத்துக்கு மயில் வரைந்தேன். திரையில் மின்னிய நீலம் அச்சில் செத்துப்போனது.
– வாசகி, பம்பலப்பிட்டி

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால். மின்னும் நீலமும் பச்சையும் அந்த நான்கு மைக்குள் அடங்குவதில்லை. போட்டோஷொப்பில் கன்ட்ரோல்-வை அழுத்தி அச்சு நிறத்தில் பார்த்துக்கொண்டே வரையுங்கள். கிரிட்டாவின் வியூ மெனுவிலும் இதே வசதி சொஃப்ட் ப்ரூஃபிங் என்ற பெயரில் உண்டு. நீலத்தை மேலும் ஏற்றிப் பயனில்லை. பக்கத்தில் மங்கிய செம்மண் நிறத்தை வைத்தால் கழுத்து நீலம் தானாக எழும்பி நிற்கும்.

பேனா டேப்லட் இல்லாமல் மவுஸால் முடியுமா?
– மாணவர், தெகிவளை

வெக்டருக்கு மவுஸ் தாராளமாகப் போதும். வர்ணம் பூசுவதற்கு அழுத்த வேறுபாடு கிடைக்காது. கிரிட்டாவில் தூரிகை அமைப்பைத் திறந்து, சைஸ் பகுதியில் பிரஷர் என்பதை எடுத்துவிட்டு ஸ்பீட் என்பதைக் குறியிடுங்கள். கையின் வேகத்துக்கேற்பக் கோடு தடித்தும் மெலிந்தும் வரும்.