பழைய சாமானை எங்கே வைப்பது? செட்டிநாட்டு விடுதிக்காரர்களுக்கு ஓர் ஆச்சியின் பதில்கள்

பூர்வீக வீட்டை விருந்தினர் விடுதியாக்கியவர்களும், ஆக்க நினைப்பவர்களும் கேட்டவை இவை.

கானாடுகாத்தான்: ஆச்சி, பரணைச் சுத்தம் செய்தபோது எனாமல் பூசிய மங்குச் சட்டிகள், மரத்தில் கடைந்த மரவைகள், பித்தளை அண்டா, பல்லாங்குழி என்று ஏராளமாக இறங்கியது. முகப்பில் கண்ணாடி அலமாரி போட்டு எல்லாவற்றையும் அடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. அப்படி அடுக்கினால் வீடு கடையாகிவிடும். எந்தச் சாமான் எங்கே புழங்கியதோ அங்கேயே வையுங்கள். முகப்பு வந்தவர்களை உட்கார வைத்துக் கணக்கு வழக்குப் பேசிய இடம். கணக்குப்பெட்டியும் சாய்வு மேசையும் அங்கே இருக்கட்டும். பல்லாங்குழியை வளவுத் தாழ்வாரத்தில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், குழிகளில் புளியங்கொட்டை போட்டே வையுங்கள். விருந்தாளிகள் உட்கார்ந்து ஆடுவார்கள். அண்டா சமையல்கட்டுப் பக்கம். மரவை அரக்குப் பூசிய சாமான், வெயில் பட்டால் வெடித்துவிடும். முற்றத்து வெளிச்சம் நேராக விழாத உள்மாடத்தில் வையுங்கள்.

மீதியைத் துணி சுற்றிப் பரணுக்கே ஏற்றிவிட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றி இறக்கலாம். மங்குப் பாத்திரம் கண்ணுக்கு மட்டும். பூச்சு உதிர்ந்த பழைய மங்கில் சாப்பாடு பரிமாறவே கூடாது, அந்தக் காலத்து வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம்.

பள்ளத்தூர்: முகப்பில் ரவிவர்மா படங்கள் வரிசையாக இருக்கின்றன. சில வெளுத்துவிட்டன, சிலவற்றில் பூச்சி. லட்சுமி படத்தில் சேலை முழுக்கச் சம்கி தைத்திருக்கிறது. கழுவிப் புதுச் சட்டம் போடலாமா?

கழுவவே கழுவாதீர்கள்! நீங்கள் சொல்வது பெரும்பாலும் அச்சுப் படமாகத்தான் இருக்கும். 1894-இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகுதான் அவருடைய சாமி படங்கள் வீடு வீடாகப் போயின. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், முகத்திலும் கையிலும் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. அச்சுதானே என்று குறைவாக நினைத்துவிடாதீர்கள். அந்தச் சம்கியையும் சரிகையையும் வீட்டுப் பெண்கள் கையால் தைத்திருக்கிறார்கள். சேலையின் மடிப்புக்கு மடிப்பு நூல் வளைந்து போகும், கரையில் சம்கி ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும், சரிகை கறுத்துப் போயிருக்கும். அந்தக் கறுப்பைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் நூல் அறுந்து சம்கி கொட்டிவிடும். இதே கைவேலை உள்ள படம் உலகத்தில் உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

தேக்குச் சட்டம் அப்படியே இருக்கட்டும், பின்பலகையை மட்டும் மாற்றுங்கள். பழைய பலகையும் மட்டமான அட்டையும் காகிதத்தைப் பழுப்பாக்கும், அதனால் அமிலமில்லாத அட்டை கேட்டு வாங்குங்கள். படம் கண்ணாடியில் ஒட்டக் கூடாது, ஓரத்தில் இடைவெளி விடும்படி சட்டக்காரரிடம் சொல்லுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறுமில்லையா? சட்டத்தின் பின்பக்க மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் நடுவில் காற்றோடும், பூச்சியும் குறையும். மேற்கு வெயில் விழும் சுவராக இருந்தால் படத்தை உடனே இடம் மாற்றுங்கள். வெளுத்த நிறம் திரும்பாது.

அப்புறம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தச் சுண்ணாம்புச் சுவரில் டிரில் போட்டுவிடாதீர்கள். விரிசல் விட்டால் அந்தப் பளபளப்பை ஒட்டுப்போட ஆள் கிடைப்பது பெரும்பாடு. மேலே ஓடும் மரச்சட்டத்திலிருந்தோ பழைய ஆணியிலிருந்தோ கம்பி இறக்கி, கொஞ்சம் முன்சாய்வாகத் தொங்கவிடுங்கள். நம் வீடுகளில் படங்கள் அப்படித்தான் தொங்கின.

தேவகோட்டை: பித்தளைச் சாமான்களை வாரா வாரம் புளி போட்டுத் துலக்கச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

வாரா வாரம் வேண்டாமே. பாத்திரத்தின் கழுத்திலோ அடியிலோ தடவிப் பாருங்கள், புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். வீட்டு விலாசம், முதலெழுத்து எல்லாம் இருக்கும். ஒவ்வொரு துலக்கலுக்கும் அது கொஞ்சம் தேயும். காட்சிக்கு வைத்ததை உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். பொங்கலுக்கு ஒருமுறை புளி போடுங்கள், அதுவும் பெயர் வெட்டை விட்டுவிட்டு.

காரைக்குடி: வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் தஞ்சாவூர் ஓவியம் ஒன்றை விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

நூறு வயது தாண்டியிருந்தால் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த வயதுள்ள ஓவியம், சிற்பம் போன்றவற்றை வீட்டில் வைத்திருந்தால் பதிவும் செய்ய வேண்டும். பழம்பொருள் விற்கத் தனி உரிமமும் தேவை. ஆகவே கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். ஆசைப்பட்டால் ஓலையில் முடைந்த கொட்டானும் கண்டாங்கிச் சேலையும் வாங்கச் சொல்லுங்கள். இன்றைக்கு முடைகிறவர்களுக்கும் நெய்கிறவர்களுக்கும் அந்தப் பணம் போகட்டும்.

கண்டனூர்: முற்றத்தில் இரண்டு மரத்தூண் பழுது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பர்மா தேக்குத் தூண்கள் விற்கின்றன. வாங்கலாமா?

பழுதான தூணுக்கு மாற்றாக என்றால் வாங்குங்கள், அது நல்ல காரியம். மரத்தைத் தட்டிப் பாருங்கள், டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே கரையான் தின்றிருக்கும். வெறும் அழகுக்காகத் தூணையும் நிலைக்கதவையும் வாங்கிக் குவிப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அவை எல்லாம் இடிக்கப்பட்ட ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்தவை. நாம் கேட்கக் கேட்க இடிக்கிறவனுக்கு விலை கூடும். கல் சிற்பமோ ஐம்பொன் சிலையோ யாராவது காட்டினால் விலையே கேட்காமல் நகர்ந்துவிடுங்கள்.

ஆத்தங்குடி: தரைக்கல் மங்கலாகிறது. ஆசிட் ஊற்றலாமா?

கூடாது. அது சிமெண்டும் வண்ணமும் சேர்ந்த கல், ஆசிட் வண்ணத்தைத் தின்றுவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். கனமான பெட்டிகளின் காலுக்கடியில் துணி வையுங்கள்.

கோட்டையூர்: ஐயாக்கள், அப்பத்தாக்கள் படங்களை முகப்பில் மாட்ட ஆசை. வீட்டில் பங்குள்ள மற்ற புள்ளிகள் (குடும்பங்கள்) ஆட்சேபிக்கிறார்கள்.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வீடு எல்லாப் புள்ளிகளுக்கும் பொது, படமும் பொது. முதலில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். பிறகு மூலப் படத்தை நல்ல ஸ்கேனரில் பிரதி எடுத்து, பிரதியை முகப்பில் மாட்டி, மூலத்தை உலர்ந்த பெட்டிக்குள் வையுங்கள். படத்துக்குக் கீழே பெயர், ஊர், தொழிலுக்குப் போன இடம் மூன்றையும் எழுதுங்கள். சாமி வீடு என்கிற பூசை அறையில் இருக்கும் படத்தை மட்டும் தொட வேண்டாம். அந்த அறை விருந்தாளிகளுக்குப் பூட்டியே இருக்கட்டும்.