சாட்பாட் பதிலை எதுவரை நம்பலாம்? பெங்களூரு வாசகர் கேள்விகள்

அல்சூரில் வாடகை வீடு. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்கிறது சாட்ஜிபிடி. ஓனரிடம் காட்டலாமா?

காட்டாதீர்கள். அது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். தமிழில் கேட்டால் உங்களைத் தமிழ்நாட்டுக்காரராக எடுத்துக்கொண்டு பதில் சொல்வது உண்டு. "இரண்டு மாதம்" என்றும் வரலாம். அது மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டம். மாநிலம் சட்டமாக்கினால்தான் செல்லும்.

கேள்வியிலேயே "கர்நாடகா, பெங்களூரு, குடியிருப்பு வீடு" என்று எழுதுங்கள். சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு எண் மூன்றையும் கேட்டு வாங்கி, அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோட் தளத்தில் அந்தப் பிரிவை நீங்களே படியுங்கள். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். பிரிவு எண்ணையே அது இட்டுக்கட்டும். 2023-இல் நியூயார்க் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டியதால் 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். ஒருவர் "இது நிஜத் தீர்ப்பா?" என்று அதனிடமே கேட்டிருந்தார். நிஜம் என்றது.

"உறுதியா?" என்றால் பதிலை மாற்றுகிறதே, எது சரி?

இரண்டுமே தவறாகலாம். அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கோக்கும் மென்பொருள் அது. உங்கள் சந்தேகத்தின் பக்கமே சாயும். புதிய சாட் திறந்து, "இதுதானே?" என்று கேட்காமல் "எது?" என்று கேளுங்கள். பதில் மாறினால் விட்டுவிடுங்கள். மாறாவிட்டாலும் அது ஆதாரம் ஆகாது.

12 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் 5 மில்லி என்றது.

எந்தப் பாட்டில் என்று கேட்டதா? அதுதான் முக்கியம். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இந்தக் குழந்தைக்கு 120 முதல் 180. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் பதில் சரி. 250 உள்ள சிரப்பில் அதே 5 மில்லி அதிகம். 1 மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தில் 500 ஆகிவிடும், ஆபத்து. லேபிளைக் காட்டி டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக் கொடுங்கள்.

வங்கியின் கஸ்டமர் கேர் எண்?

கேட்கவே வேண்டாம். மோசடிக்காரர்கள் இணையத்தில் பரப்பிய எண்ணையும் எடுத்துத் தரும். கார்டின் பின்புறம் உள்ள எண்ணே போதும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

அப்படியானால் எதற்குத்தான் உதவும்?

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய வேலைக்கு நன்றாக உதவும். கன்னடத்தில் வந்த நோட்டீஸைப் படமெடுத்துத் தமிழில் கேளுங்கள். பெயரையும் கணக்கு எண்ணையும் முதலில் மறைத்துவிடுங்கள். தொகை, கடைசித் தேதி இரண்டையும் மூலத்தோடு சரிபாருங்கள்; கன்னட இலக்கத்தில் 6-உம் 9-உம் பார்க்க ஒன்றுபோல் இருக்கும்.