ஹோவல்ஸும் டன்பாரும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் டீன் ஹோவல்ஸைப் பற்றி வாசித்துவருகிறேன். விமர்சனத்துக்கு அத்தனை வருடங்களைக் கொடுத்ததால்தான் அவருடைய புனைவு மங்கியதா? கதையோடு மதிப்புரையும் எழுதும் நான் விமர்சனத்தை விட்டுவிடலாமா? எழுதினாலும் இளம் கவிஞர்களைப் பாராட்டி மட்டுமே எழுத நினைக்கிறேன். பாராட்டினால் யாருக்கும் தீங்கில்லையே?

அன்புள்ள நண்பருக்கு,

விட வேண்டாம். 1871 முதல் 1881 வரை அட்லாண்டிக் மன்த்லி இதழின் ஆசிரியராகப் பிறர் எழுத்தில் மூழ்கிக் கிடந்தவர்தான் 1885இல் 'தி ரைஸ் ஆஃப் சைலஸ் லாபம்' என்ற தன் பேர்பெற்ற நாவலைத் தந்தார். மார்க் ட்வைன், ஹென்றி ஜேம்ஸ் என்று ஒன்றோடொன்று ஒட்டாத இரு எழுத்துமுறைகளையும் முன்னிறுத்தும் விரிந்த மனம் அவருக்கு இருந்தது. கதை வற்றினால் பழியை மதிப்புரையின் மேல் போடாதீர்கள்.

ஆனால் உங்கள் கடைசி வரி பொறுப்பற்றது.

பால் லாரன்ஸ் டன்பார், அடிமைகளாக இருந்து விடுபட்ட பெற்றோரின் மகன்; ஒஹையோவின் டேட்டன் நகரில் வாரம் 4 டாலர் கூலிக்கு லிஃப்ட் இயக்கி, அதில் ஏறியவர்களிடமே தன் முதல் கவிதை நூலை ஒரு டாலருக்கு விற்றவர். அவருடைய இரண்டாம் நூலுக்கு ஹோவல்ஸ் எழுதிய மதிப்புரை 1896 ஜூன் 27 அன்று ஹார்ப்பர்ஸ் வீக்லியில் வெளிவந்தது. அன்று டன்பாருக்கு 24ஆவது பிறந்தநாள். நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் ஹோவல்ஸ் கொண்டாடியது கறுப்பின மக்களின் பேச்சுவழக்கில் அமைந்த கவிதைகளைத்தான். பொது ஆங்கிலத்தில் எழுதியவை நன்றாக இருந்தாலும் டன்பாருக்கே உரியவை அல்ல என்பது ஹோவல்ஸின் தீர்ப்பு. நல்ல மனதோடு சொன்னதுதான், சந்தேகமில்லை. ஆனால் பெரியவர் கைகாட்டிய பக்கமே பத்திரிகைகளும் வாசகர்களும் போனார்கள். மறுவருடமே, ஹோவல்ஸ் தனக்கு ஈடுசெய்ய முடியாத தீங்கு இழைத்துவிட்டதாக டன்பார் ஒரு நண்பருக்கு எழுதினார். பிற்பாடு எட்டே வரியில் ஒரு கவிதை: வாழ்வையும் காதலையும் ஆழ்ந்து பாடியவனிடம் உலகம் புகழ்ந்ததெல்லாம் உடைந்த மொழியின் ஒரு சந்தத்தை மட்டுமே. 1906இல் இறந்தபோது அவருக்கு வயது 33.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்தவனல்ல. என் முதல் கதையை வாசித்த மூத்த விமர்சகர் ஒருவர் 'மண்ணின் மணம்' என்று இன்லண்ட் கடிதத்தில் விளிம்பு வரை நெருக்கி எழுதியிருந்தார். மடிப்புகள் கிழியும்வரை அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதே சொற்களை அவர் அச்சிலும் எழுதியபின், நகரத்துத் தனிமையைப் பற்றி நான் அனுப்பிய கதைகள் 'இது உங்கள் களம் அல்லவே' என்ற ஒற்றை வரிக் குறிப்போடு வருடக்கணக்கில் திரும்பி வந்தன. அவர் மேல் எனக்கு இன்றும் அன்பு உண்டு. அந்தக் கதைகள் இன்றும் அச்சேறவில்லை.

பாராட்டும்போது ஒருவருக்கு இடம் கொடுக்கிறோமா, எல்லை போடுகிறோமா என்று பாருங்கள். வசையை எதிர்த்து எழுதலாம். தன்னைத் தூக்கிவிட்ட கையை ஓர் இளம் கவிஞர் எப்படித் தட்டிவிடுவார்? உங்கள் மேஜையில் இப்போது இருக்கும் தொகுப்பில் உங்களுக்குப் பிடித்த கவிதைகளை ஒதுக்கிவைத்து, மற்றவற்றை இன்னொரு முறை வாசியுங்கள். அதன்பின் மதிப்புரையைத் தொடங்குங்கள்.