நம்பர் பிளேட்டால் ஃபெயிலான கார்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: ஏழு வயதான காரை நான்கு மாதத்துக்கு முன் ஒரு கார் வியாபாரியிடம் வாங்கினேன். கட்டாயப் பரிசோதனையில் பிரேக், புகை எல்லாம் தேறிவிட்டன. நம்பர் பிளேட் எழுத்து சாய்வாக இருக்கிறதென்று ஃபெயில் போட்டுவிட்டார்கள். அதை மாட்டியவர் முந்தைய உரிமையாளர். சாலை வரி அடுத்த வாரம் முடிகிறது. அபராதம் வருமா? வியாபாரியிடம் நஷ்ட ஈடு கேட்கலாமா?
- ஈசூன் வாசகர்

பதில்: முதலில் பிளேட்டை மாற்றுங்கள், நஷ்ட ஈட்டைப் பிறகு பார்க்கலாம். பரிசோதனையில் தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. வரி முடிந்த காரை ஓட்டாமல் சும்மா வைத்திருந்தாலும் குற்றம்தான்.

சிங்கப்பூரில் நம்பர் பிளேட்டை நிலப் போக்குவரத்து ஆணையம் தருவதில்லை, கடையில் அடித்துக்கொள்கிறோம். கோளாறே அங்கிருந்துதான் வருகிறது. கறுப்பில் வெள்ளை எழுத்து, அல்லது முன்னால் வெள்ளையிலும் பின்னால் மஞ்சளிலும் கறுப்பு எழுத்து: இந்த இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். சாய்வெழுத்து, அலங்கார எழுத்து, இஷ்டத்துக்கு விட்ட இடைவெளி எதுவும் வேண்டாம். கடைசி எழுத்தைப் பதிவு விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது முன்னெழுத்துகளையும் இலக்கங்களையும் வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு எழுத்து. ஐ, ஓ, கியூ போன்றவை அந்த இடத்தில் வரவே வராது. திருகாணியையும் கவனியுங்கள். கறுப்புப் பிளேட்டில் '3'-இன் திறந்த பக்கத்தில் ஒரு வெள்ளைத் திருகாணி விழுந்தால் தூரத்தில் அது '8'. பிளேட்டை மறைக்கிற மாதிரி மேலே போட்ட கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். பின் பிளேட் விளக்கு எரிகிறதா என்று இருட்டில் ஒருமுறை பாருங்கள். மறுபரிசோதனைக்குப் போகும்போது பழைய அறிக்கையை மறக்காதீர்கள்.

பரிசோதனையில் தோற்றதற்காக மட்டும் அபராதம் இல்லை. ஆனால் அதே பிளேட்டோடு சாலையில் பிடிபட்டால் முதல் முறைக்கே 1,000 வெள்ளி வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. "நான் மாட்டவில்லை" என்பது தண்டனையைக் குறைக்கச் சொல்லலாமே தவிர, தப்பிக்க உதவாது. இன்றைய உரிமையாளர் நீங்கள்.

வியாபாரி விஷயம்: பொருளை ஒப்படைத்த 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகவே கருதப்படும், பழைய காருக்கும் இது பொருந்தும். ஆனால் சாய்வெழுத்து வாங்கும்போதே கண்ணுக்குத் தெரிந்த குறை, அதனால் உங்கள் வாதம் பலவீனம். பிளேட் செலவை வாட்ஸ்அப்பில் கேட்டுப் பாருங்கள், தரலாம். அதற்காகச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்வரை போவது வீண்.

அறிக்கையில் சேசிஸ் (அடிச்சட்டம்) எண்ணோ எஞ்சின் எண்ணோ பதிவோடு ஒத்துப்போகவில்லை என்றிருந்தால் கதையே வேறு. அப்போது காரை ஓட்டாதீர்கள். ஒப்பந்தம், ரசீது, அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரைதான் விசாரிக்கும், இரு தரப்பும் எழுதிச் சம்மதித்தால் 30,000. கார் விலை அதைத் தாண்டிவிடும்.

பழைய பிளேட்டைப் படம் எடுத்துவிட்டு, இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். முழுசாகக் கிடந்தால் வேறொருவர் தன் வண்டியில் மாட்டிக்கொள்வார். சம்மன் உங்கள் பெயருக்கு வரும்.