தொல்லியல் மரப்பொருள்களுக்கு நொதிகள் எவ்வாறு உதவுகின்றன?

அகழாய்வில் கிடைக்கும் மரத்தை நொதிகளால், அதாவது வேதிவினைகளை விரைவுபடுத்தும் உயிர்ப் புரதங்களால், தூய்மைப்படுத்தவும் வலுப்படுத்தவும் இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூய்மைப்படுத்துவது நடைமுறையில் உள்ளது. வலுப்படுத்துவது இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது.

முந்தைய தலைமுறையினர் ஒட்டுவதற்குப் பூசிய விலங்குப் பசை காலப்போக்கில் இறுகிச் சுருங்கி மரத்தின் மேற்பரப்பையே பிய்த்தெடுக்கும். அதைச் சுரண்டாமல், புரதத்தைச் சிதைக்கும் நொதியை கடற்பாசியிலிருந்து பெறும் அகார் கூழில் கலந்து, பசை படிந்த இடத்தில் மட்டும் சிறிது நேரம் வைத்து, இளகிய பசையை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்கிறார்கள். மாவுப் பசைக்கு, மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் நொதி போதும்; நம் உமிழ்நீரில் இருப்பதும் அதுவே. ஆனால் செல்லுலேஸ் கலந்த நொதியை மரத்தின் அருகில் கொண்டுவரவே கூடாது, ஏனெனில் அது மரத்தையே தின்றுவிடும்.

நார்வேயில் 1904இல் அகழ்ந்தெடுத்த ஓசெபர்க் என்ற வைக்கிங் காலக் கப்பல் கல்லறையின் மரப்பொருள்கள் பலவற்றைப் படிகாரக் கரைசலில் சூடாக்கிப் பதப்படுத்தினார்கள். அதனால் உருவான கந்தக அமிலம் நூறாண்டுகளாக அவற்றை உள்ளிருந்தே அரித்துவருவது உண்மையிலேயே வேதனை தருகிறது. இத்தகைய மரத்துக்காக, முள்ளங்கி இனக் கிழங்கொன்றிலிருந்து பெறும் பெராக்சிடேஸ் நொதியைக் கொண்டு, ஐசோயூஜினால் என்ற சிறு கரிம மூலக்கூறுகளை இணைத்து, மரத்துக்கு இயற்கையாக உறுதி தரும் லிக்னின் போன்ற தாங்குபொருளை உருவாக்க முயல்கிறார்கள். நொதியின் மூலக்கூறு பெரியது என்பதால் மரத்தின் ஆழத்துக்கு அது எளிதில் ஊடுருவாது. கடும் அமிலத்தில் செயலிழந்தும் விடும். ஆகவே அமிலத்தை முதலில் சமன்செய்தாக வேண்டும்.